நாடற்றவரை எங்கே நாடு கடத்துவது?

அவுஸ்திரேலியாவில் குடியுரிமையற்ற ஒருவர் 12 மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றுச் சிறையிலிருந்தால், விசா கட்டாயம் இரத்தாகும். நிரந்தர வதிவிடமும் தப்பாது. இது 2014 டிசம்பர் திருத்தம். மீளப்பெற விண்ணப்பிக்க 28 நாட்களே உண்டு. அங்கு பிள்ளைகள் உள்ள நம்மவர்கள் கவனிக்க வேண்டும்.

நாடே இல்லாதவரை எங்கே அனுப்புவது? காலவரையறையின்றித் தடுத்து வைக்கலாம் என 2004இல் பலஸ்தீனர் ஒருவரின் வழக்கில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 நவம்பரில் ரோஹிங்யா ஒருவரின் வழக்கில் அதுவே அதை மாற்றியது: அனுப்ப வழியே இல்லாதபோது அடைத்து வைப்பது சட்டவிரோதம். அவர் சிறுவர் துஷ்பிரயோகக் குற்றவாளி. அவருக்காக நான் பரிந்து பேசவில்லை. ஆனால் சிறைத்தண்டனையை அவர் ஏற்கெனவே அனுபவித்திருந்தார்.

இப்படி விடுவிக்கப்பட்டோரை ஏற்க 2025இல் நவூரு என்ற சின்னஞ்சிறு தீவு உடன்பட்டது. கன்பரா கொடுப்பதோ முதற்கட்டமாக 408 மில்லியன் டொலர். பொறுப்பை விலைக்குக் கைமாற்றுவதாகவே எனக்கு இது படுகிறது.