கஃபனிட்ட பின் மீண்டவர்

கலீஃபா ஹாரூன் ரஷீதின் (786–809) உறவினர் இப்றாஹீம் நோயுற்றார். அன்றிரவைக் கடவார் என்று அரண்மனை மருத்துவர் ஜிப்ரீல் இப்னு புக்திஷு கைவிட்டார். ஸாலிஹ் இப்னு பஹ்லா என்னும் இந்திய மருத்துவரோ அதனை மறுத்தார். ஆயினும் இரவில் மரணச் செய்தி வந்தது, உடல் கஃபனிடப்பட்டது.

உயிருள்ளவரை அடக்கிவிட வேண்டாமென ஸாலிஹ் மன்றாடினார். இடக்கைப் பெருவிரல் நகத்திற்கும் சதைக்குமிடையே ஊசியைச் செலுத்தினார், கை பின்வாங்கியது. பின்னர்த் தும்மலை எழுப்பும் மூலிகைத் தூளைத் துருத்தியால் நாசியில் ஊதவே, இப்றாஹீம் தும்மி எழுந்தமர்ந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்னு அபீ உஸைபிஆ தமது மருத்துவர் வரலாற்றில் இதனைப் பதிந்துள்ளார்.

இறந்தவர் எழுந்தார் என்பதன்று இதன் பொருள். இறவாதவரை இறந்தவரென்று துணிந்த அவசரத்தை ஒருவர் தடுத்தார் என்பதே பொருள்.

நீரில் மூழ்கியோரையும் உலகம் நெடுங்காலம் அவ்வாறே கைவிட்டது. அவர்களை மீட்கவென ஆம்ஸ்டர்டாமில் 1767-ஆம் ஆண்டிலும், லண்டனில் 1774-ஆம் ஆண்டிலும் சங்கங்கள் தோன்றின. மார்பைத் திறவாமலே வெளியிலிருந்து அழுத்தி, நின்ற இதயத்தின் பணியைத் தாங்கலாமென்று 1960-ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரின் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவரும் அறிவித்தனர். அதற்குக் கருவி தேவையில்லை. இரு கைகள் போதும்.

இதயம் நின்ற சில நிமிடங்களிலேயே மூளை சிதையத் தொடங்குகிறது. மருத்துவர் வரும்வரை அந்நிமிடங்கள் காத்திரா. ஆதலின் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை நடுமார்பை அழுத்தும் பயிற்சி, அருகில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் உரியது. ஸாலிஹின் தூளை நாம் மறந்துவிடலாம். கைவிட மறுத்த அவருடைய உள்ளத்தை மறக்கலாகாது.