சென்னையிலிருந்து போன டப்ளின்காரர்கள்

நான் தில்லிக்கு வந்து நாற்பது வருஷம் ஓடிவிட்டது. ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் இந்தியா கேட்டுக்குத்தான் அழைத்துப் போவேன். வேர்க்கடலை கொறிப்போம், போட்டோ எடுத்துக்கொள்வோம், திரும்பிவிடுவோம். அந்தச் சுவர்களில் 13,000-க்கும் மேற்பட்ட போர்வீரர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றையாவது நின்று படித்திருக்கிறேனா என்றால், இல்லை. அந்தப் புத்தி எனக்கு வந்தது தில்லியில் அல்ல, அயர்லாந்தில்.

2014-ல் டப்ளினில் வேலை பார்க்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை என்னை லிஃபி ஆற்றங்கரையில் ஐலண்ட்பிரிட்ஜ் என்ற இடத்துக்கு அழைத்துப் போனார். கருங்கல் தூண்கள், ரோஜாத் தோட்டம், நடுவில் பலிபீடம் போல ஒரு பெரிய கல். "இதுவும் உங்க லட்யன்ஸ் டிசைன் பண்ணினதுதான் மாமா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் இந்தியா கேட்டை வடிவமைத்த அதே எட்வின் லட்யன்ஸ்! இந்தியா கேட் 1931 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அந்த வருஷக் கடைசியில் டப்ளினில் இந்தத் தோட்ட வேலை தொடங்கியிருக்கிறது.

பக்கத்து பெஞ்சில் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். எந்த ஊர் என்று கேட்டார். பூர்வீகம் மெட்ராஸ் பக்கம் என்றேன். "எங்கள் தாத்தா மெட்ராஸில் இருந்திருக்கிறார். அங்கிருந்துதான் சண்டைக்குப் போனார்" என்றார். நான் நம்பவில்லை. தில்லி திரும்பி, நூலகங்களில் புரட்டிப் பார்த்தபோதுதான் பெரியவர் சொன்னது உண்மை என்று தெரிந்தது.

கோட்டையில் பிறந்த பட்டாளம்

ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் என்ற படையின் வேர் சென்னையில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஐரோப்பியச் சிப்பாய்களைக் கொண்டு அமைத்த மெட்ராஸ் ஐரோப்பியப் படைதான் அதன் மூலம். பிளாசிப் போரில் கிளைவுடன் நின்றது அதுவே. பின்னாளில் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் என்று பெயர் பெற்றது. 1857-ல் வட இந்தியாவில் கொடுமைகள் புரிந்த கர்னல் நீல் இந்தப் படைக்காரன்தான். சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த அவன் சிலையை எதிர்த்து 1927-ல் சத்தியாக்கிரகம் நடந்ததும், 1937-ல் ராஜாஜி அமைச்சரவை அதை அகற்றியதும் நம் பெரியவர்கள் அறிந்த கதை.

1881-ல் ராணுவச் சீரமைப்பு வந்தபோது மெட்ராஸ் படையையும் பம்பாய்ப் படையையும் சேர்த்து அயர்லாந்துக்குக் கொடுத்து, டப்ளின் பெயரைச் சூட்டினார்கள். அதற்குப் பிறகு அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் டப்ளினிலும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலும் இருந்து வந்த ஏழைப் பிள்ளைகள். வேலை இல்லை, வீட்டில் வாய்கள் அதிகம், பட்டாளத்தில் மூன்று வேளை சோறு உண்டு. நம்மூர்ப் பையன்கள் பட்டாளத்துக்குப் போன காரணமும் இதுதானே!

1914 ஆகஸ்ட்டில் முதல் உலகப் போர் மூண்டபோது இதன் முதல் பட்டாலியன் சென்னையில் இருந்தது. அந்த டிசம்பரில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். 1915 ஏப்ரல் 25 அன்று துருக்கியின் கலிப்போலிக் கரையில் இறக்கிவிடப்பட்டார்கள். மன்ஸ்டர் ஃபியூசிலியர்ஸ் என்ற இன்னொரு ஐரிஷ் படை ஒரு பழைய நிலக்கரிக் கப்பலில் வந்தது. டப்ளின்காரர்களோ திறந்த படகுகளில் வந்தார்கள். மேட்டிலிருந்து துருக்கியர் சுட்டதில் பலர் கரையைத் தொடுமுன்பே மாண்டார்கள். சில நாட்களிலேயே இரண்டு பட்டாலியன்களிலும் மிஞ்சியவர்களைச் சேர்த்து ஒரே பட்டாலியனாக்க வேண்டியதாயிற்று. அதற்கு 'டப்ஸ்டர்ஸ்' என்று கேலிப் பெயர் வேறு.

திரும்பி வந்தபோது ஊர் மாறிவிட்டது

அயர்லாந்திலிருந்து முதல் போருக்குப் போனவர்கள் சுமார் 2 லட்சம் பேர். இறந்தவர்கள் சுமார் 35,000 என்பது பொதுவான கணக்கு. அயர்லாந்துக்குத் தன்னாட்சி தருவதாக 1914-ல் சட்டமே நிறைவேறியிருந்தது. போர் முடியும்வரை நிறுத்தி வைத்திருந்தார்கள். போரில் உதவினால் சுயாட்சி உறுதியாகும் என்று தலைவர் ஜான் ரெட்மண்ட் இளைஞர்களைச் சேரச் சொன்னார். ஆனால் 1916 ஏப்ரலில் டப்ளினில் புரட்சி வெடித்தது. அதன் தலைவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும் மக்கள் மனம் தலைகீழாகத் திரும்பியது. புரட்சி நடந்த அதே வாரத்தில் பிரான்சில் ஹுல்லுக் என்ற இடத்தில் ஐரிஷ் சிப்பாய்கள் விஷவாயுவில் மூச்சுத் திணறிச் செத்துக்கொண்டிருந்தார்கள்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு கதை உண்டு. 1920 ஜூனில் ஜலந்தரில் இருந்த கன்னாட் ரேஞ்சர்ஸ் என்ற ஐரிஷ் படையினர், அயர்லாந்தில் நடக்கும் அடக்குமுறையைக் கேட்டு, இனி பிரிட்டனுக்கு வேலை செய்யமாட்டோம் என்று துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். கிளர்ச்சி சோலனுக்கும் பரவியது. ஜேம்ஸ் டேலி என்ற இளைஞன் 1920 நவம்பர் 2 அன்று சிம்லா மலைப் பக்கம் தக்‌ஷாயில் சுட்டுக் கொல்லப்பட்டான். 1970-ல் அவன் எலும்புகள் தாய்நாடு போய்ச் சேர்ந்தன. ஊர் கூடி அடக்கம் செய்தது. ஆனால் கலிப்போலியில் செத்தவனுக்கு அழுத தாய், வாய்விட்டு அழக்கூட அஞ்சினாள். 1922-ல் அயர்லாந்து பிரிந்ததும் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் உள்ளிட்ட ஐந்து படைகளை பிரிட்டன் கலைத்துவிட்டது. அந்தச் சிப்பாய்க்குப் படையும் இல்லை, ஊரும் இல்லை.

நினைவுச்சின்னத்தை நகரின் நடுவே, நாடாளுமன்றத்துக்கு எதிரில் வைக்கலாமா என்ற பேச்சு 1927-ல் வந்தது. இந்த அரசு அந்தப் போரில் பிறந்ததல்ல என்று சொல்லி அமைச்சர் கெவின் ஓ'ஹிக்கின்ஸ் எதிர்த்தார். அவருடைய சகோதரர்களும் அந்தப் போருக்குப் போனவர்கள்தான்! கடைசியில் ஊரின் ஓரத்தில் ஐலண்ட்பிரிட்ஜ் கிடைத்தது. வேலையாட்களில் பாதிப்பேர் பிரிட்டிஷ் படையிலும், பாதிப்பேர் புதிய ஐரிஷ் படையிலும் பணியாற்றியவர்கள். எதிரெதிரே நின்ற கைகள் சேர்ந்து அந்தக் கல்லைத் தூக்கின. இரண்டாம் போர் வந்ததால் திறப்பு விழா தள்ளிப்போனது, தோட்டம் பாழடைந்தது. சீரமைத்து முறைப்படி அர்ப்பணித்தது 1988-ல்தான். அரசே முன்னின்று அங்கே விழா எடுத்தது 2006-ல், சோம் போரின் 90-ஆம் ஆண்டில்.

இரண்டாம் போரில் அயர்லாந்து நடுநிலை வகித்தது. அப்போது ஐரிஷ் ராணுவத்திலிருந்து சுமார் 5,000 பேர் விலகி, ஹிட்லரை எதிர்க்க நேச நாட்டுப் படைகளில் சேர்ந்தார்கள். 1945-ல் அவர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஓய்வூதியம் போச்சு, ஏழு ஆண்டுகளுக்கு அரசு வேலையும் கிடையாது. மன்னிப்புச் சட்டம் வந்தது 2013-ல். அதைக் கேட்க எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்?

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டி

பெஞ்சில் இருந்த பெரியவர் சொன்னார்: தாத்தாவின் பதக்கம் அலமாரி அடித்தட்டில் துணிக்குக் கீழே கிடந்ததாம், வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்களாம். அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

என் தாத்தா இரண்டாம் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் பர்மாப் போர்முனைக்குப் போனவர். அவருடைய தம்பி மலேயாவில் நேதாஜியின் படையில் சேர்ந்தவர். சின்னத் தாத்தா படம் எங்கள் கூடத்தில் மாலையோடு தொங்கியது, அது நியாயம்தான். தாத்தாவின் பதக்கங்கள் மட்டும் தகரப்பெட்டியில் கிடந்தன. "வெள்ளைக்காரன் பட்டாளம்" என்று நாங்கள் பேரப்பிள்ளைகள் கிண்டல் செய்வோம். அவர் ஒரு வார்த்தை பதில் சொன்னதில்லை. குடும்பம் சாப்பிட்டது அவர் அனுப்பிய மணியார்டரில் என்பதை, அவர் போன பிறகுதான் பாட்டி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

சிப்பாயை நினைப்பது என்றால் அவனை அனுப்பிய சாம்ராஜ்யத்துக்கு வக்காலத்து வாங்குவது ஆகாது. நீல் சிலையை அகற்றியது சரி. அதே படையில் பின்னாளில் சேர்ந்து கலிப்போலியில் செத்த டப்ளின் ஏழைப் பையனுக்காக வருந்துவதும் சரி. இரண்டுக்கும் மனசில் இடம் உண்டு. இதை ஐரிஷ்காரர்கள் கற்க எழுபது, எண்பது வருஷம் ஆனது. எனக்கு அறுபது வயது வேண்டியிருந்தது.

டப்ளினிலிருந்து வந்ததும் தகரப்பெட்டியைத் திறந்து பதக்கங்களைத் துடைத்தேன். இப்போது அண்ணன் தம்பி இருவரும் எங்கள் வீட்டில் ஒரே சுவரில் இருக்கிறார்கள். அடுத்த முறை நீங்கள் பிள்ளைகளோடு இந்தியா கேட் போனால், தூரத்தில் நின்றாவது அந்தப் பெயர்களைக் காட்டிச் சொல்லுங்கள். அப்படியே உங்கள் வீட்டிலும் ஒரு தகரப்பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.