எரோயிக்கா சிம்பொனி

எரோயிக்கா சிம்பொனி என்பது ஜெர்மானிய இசையமைப்பாளர் லுட்விக் வான் பீத்தோவன் (1770–1827) இயற்றிய மூன்றாவது சிம்பொனி ஆகும். இது ஈ-பிளாட் மேஜரில் அமைந்தது; நான்கு பகுதிகளைக் கொண்டது. எரோயிக்கா என்னும் இத்தாலியச் சொல் 'வீரம் செறிந்தது' எனப் பொருள்படும். பீத்தோவன் தம் கைப்பட எழுதிய முழு இசைப்பிரதி கிடைக்கவில்லை. ஆயினும், இப்படைப்பு உருவான விதத்தை அவருடைய குறிப்பேடுகள் வழியாக அறிய முடிகிறது.

கருவின் தோற்றம்

சிம்பொனியின் இறுதிப் பகுதிக்கான மெட்டே முதலில் தோன்றியது. பீத்தோவன் இதனை ஒரு நடன இசையிலும், 1801 இல் அரங்கேறிய 'புரொமேத்தியசின் படைப்புகள்' என்னும் பாலே நாடகத்திலும் கையாண்டார். 1802 இல் அதே மெட்டைக் கொண்டு பியானோவுக்கான மாறுபாடுகளை (ஓபஸ் 35) இயற்றினார்.

குறிப்பேடுகள்

விய்ல்கோர்ஸ்கி குறிப்பேட்டில் இம்மாறுபாடுகளுக்கான குறிப்புகளை அடுத்து, சிம்பொனியின் முதல் மூன்று பகுதிகளுக்கான தொடக்கக் குறிப்புகள் காணப்படுகின்றன. இறுதிப் பகுதிக்குக் குறிப்பு இல்லை. அப்பகுதி முன்னரே முடிவு செய்யப்பட்டிருந்தது என ஆய்வாளர்கள் இதிலிருந்து கருதுகின்றனர். இக்கட்டத்தில் இரண்டாம் பகுதி சி மேஜரில் அமைந்த மெதுவான இசையாகவே இருந்தது. பின்னர் அது சி மைனரில் அமைந்த இறுதி ஊர்வல இசையாக மாறியது.

விரிவான குறிப்புகள் 'லாண்ட்ஸ்பெர்க் 6' என்னும் குறிப்பேட்டில் உள்ளன. முதற் பகுதியின் தொடக்கப் பிரிவை பீத்தோவன் இதில் மீண்டும் மீண்டும் நீண்ட வரைவுகளாக எழுதிப் பார்த்துள்ளார். முன்னர் பெர்லினில் இருந்த இக்குறிப்பேடு தற்போது போலந்தின் கிராக்கோவ் நகரில் யாகியெல்லோனிய நூலகத்தில் உள்ளது.

ஹார்ன் நுழைவு

முதற் பகுதியில் மூல மெட்டு திரும்புவதற்கு நான்கு தாள அளவுகளுக்கு முன்பே ஹார்ன் கருவி அம்மெட்டைத் தொடங்குகிறது. அப்போது வயலின்கள் வேறு சுரங்களை இசைத்துக்கொண்டிருப்பதால் இரண்டும் இசைவின்றி ஒலிக்கின்றன. ஒத்திகையின்போது ஹார்ன் கலைஞர் பிழை செய்துவிட்டதாகத் தாம் எண்ணிக் கூறியதையும், அதனால் பீத்தோவன் சினமுற்றதையும் அவருடைய மாணவர் பெர்டினாண்ட் ரீஸ் பதிவு செய்துள்ளார். பிற்காலத்தில் சிலர் இவ்விடத்தைத் திருத்தியும் இசைத்தனர். 1880 இல் குறிப்பேட்டை ஆராய்ந்து வெளியிட்ட குஸ்டாவ் நோட்டபோம், இந்நுழைவு வரைவுகளிலேயே இருப்பதை எடுத்துக்காட்டினார். எனவே இது பிழையன்று, திட்டமிட்டே அமைக்கப்பட்டது என்பது உறுதியாயிற்று.

நிறைவும் அரங்கேற்றமும்

சிம்பொனி 1804 இல் நிறைவுற்றது. நெப்போலியன் பேரரசராக அறிவிக்கப்பட்ட செய்தி கேட்டு பீத்தோவன் அவருடைய பெயரை நீக்கியதாக ரீஸ் கூறுகிறார். வியன்னாவில் உள்ள படியெடுப்புப் பிரதியின் முகப்பில் பெயர் சுரண்டப்பட்ட இடத்தில் துளை காணப்படுகிறது. முதல் பொது அரங்கேற்றம் 1805 ஏப்ரல் 7 அன்று வியன்னாவில் நடைபெற்றது. 1806 இல் அச்சிடப்பட்டபோது இப்படைப்பு இளவரசர் லோப்கோவிட்சுக்குக் காணிக்கையாக்கப்பட்டது.