சம்மதம் யாது?

அப்பீல் கோர்ட்டு சாட்சியின் முகத்தைக் காண்பதில்லை. கீழ்க்கோர்ட்டில் அவள் அழுதாளா, தடுமாறினாளா, தலை கவிழ்ந்து நின்றாளா என்பவையெல்லாம் எழுத்தாய்ச் சுருங்கியே மேலே போகும். அவ்வெழுத்தை வைத்துக்கொண்டு, நடந்தது எவ்வகைக் குற்றம், அல்லது குற்றமே அன்றோ என்று வகுப்பது அதன் கடமை. ஒரு தொகையைத் தவறான பத்தியில் பதிந்துவிட்டால் கணக்கு முழுதும் பிழைபடும் என்பது எம்போன்ற கிராணிமார் நன்கறிந்தது. மனிதர் துயரைப் பத்தி பிரிக்குமிடத்தில் அப்பிழை எத்துணைப் பெரிதாகும் என்பதற்கு இந்திய நாட்டு வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

1972 மார்ச் 26 இரவு. மகாராஷ்டிர மாகாணம், சந்திரப்பூர் ஜில்லாவில் தேசாய்கஞ்ச் போலீஸ் நிலையம். தாய் தந்தையற்ற பழங்குடிக் கூலிப்பெண் ஒருத்தி. வைத்தியர் மதிப்பின்படி வயது 14 முதல் 16 வரை. அவளை அவள் காதலனும் அவன் உறவினரும் கடத்திச் சென்றனர் என்று அண்ணன் கொடுத்த புகாரின்மேல் யாவரும் நிலையத்துக்கு வரவழைக்கப்பட்டனர். வாக்குமூலங்கள் முடிந்து பத்தரை மணியளவில் மற்றவர் வெளியேற, அவள் மட்டும் நிறுத்தப்பட்டாள். ஒரு காவலர் தன்னைப் பின்புறத்துக்கு இழுத்துச் சென்று வன்புணர்ந்தார் என்றும், தலைமைக் காவலர் தன்னை இழிவாகத் தொட்டார் என்றும் அவள் சொன்னாள். வெளியே கூட்டம் திரண்டு, நிலையத்தையே கொளுத்துவோம் என்று கூவிய பின்னரே புகார் எழுதப்பட்டது. அவள் பெயரை நூல்கள் எழுதுகின்றன, யாம் எழுதோம்.

இக்குற்றத்துக்கு நம் மொழியில் நெடுங்காலம் வழங்கிவந்த சொல் கற்பழிப்பு. செய்தவன் குற்றத்தைச் சொல்லாமல், பட்டவள் இழந்ததாக ஊரார் கருதுவதைச் சொல்லும் சொல் அது. சொல்லிலேயே வகைப்பாடு பிழைத்துவிட்டது என்க. அப்பிழை தமிழருக்கு மட்டும் உரியதன்று என்பதைச் செஷன்ஸ் கோர்ட்டின் தீர்ப்புக் காட்டும்.

1974 ஜூன் 1-இல் வந்த அத்தீர்ப்பு இருவரையும் விடுவித்தது. அவள் 16 வயதுக்குட்பட்டவள் என்பதற்குத் தக்க சான்று இல்லையாம். 16-க்குக் குறைவாயின் சம்மதம் பற்றிய கேள்வியே அந்நாளைச் சட்டத்தில் எழாது. ஆதலின் அந்த ஒரு வரியிலேயே வழக்கின் பாதி போயிற்று. காவலருடன் அவள் கூடியது உண்மையே என்று நீதிபதி ஒப்பினார். ஆனால் கூடல் வேறு, வன்புணர்வு வேறு என்றார். முன்பே ஆடவனுடன் பழகியவள், ஆதலின் இசைந்தாள். பின்பு காதலனுக்கும் கூட்டத்துக்கும் அஞ்சிப் பொய் சொன்னாள் என்பது அவர் கண்ட முடிவு.

பம்பாய் ஹைகோர்ட்டின் நாகபுரிக் கிளை 1976-இல் இதனை மாற்றியது. முன்பின் அறியாத போலீஸ்காரரிடம் ஓர் ஏழைப்பெண் தானே இச்சை கொண்டு செல்வாள் என்பது நம்பத்தக்கதன்று; அச்சத்தால் செயலற்று உடலை விட்டுக்கொடுத்தல் விருப்பமாகாது என்று கூறி, காவலருக்கு 5 ஆண்டும், மானபங்கத்துக்காகத் தலைமைக் காவலருக்கு 1 ஆண்டும் சிறை விதித்தது. அதே ஏடுகள், அதே சாட்சியம். பத்தி மட்டும் வேறு.

1978 செப்டம்பர் 15-இல் சுப்ரீம் கோர்ட்டு மீண்டும் பத்தியை மாற்றியது. ஜஸ்வந்த் சிங், கைலாசம், கோஷல் என்னும் மூவர் கேட்டனர். சென்னை ஹைகோர்ட்டின் தலைமை நீதிபதியாயிருந்த நம் தமிழர் கைலாசம் அவ்விருக்கையில் இருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். உடலில் காயமில்லை, ஆதலின் எதிர்த்தாள் என்பது பொய். கையைப் பற்றியபோது அருகிலிருந்த உறவினரை நோக்கிக் கூவவில்லை. ஆதலின் அச்சமும் இல்லை. சட்டம் சொல்லும் அச்சம் உயிருக்கோ உடலுக்கோ கேடு வரும் என்னும் அச்சமே, அது மெய்ப்பிக்கப்படவில்லை. இருவரும் விடுதலை.

காயத்தைத் தேடியவர்கள் இடத்தைப் பாராதது வியப்பே. தோட்டத்திலே துரை அழைத்தால் கூலியாள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் நின்றதை நாம் கேட்டறிவோம். அதனை எவரேனும் விருப்பம் என்பாரா? இரவு நேரம், பூட்டிய கதவு, எதிரே அரசின் உடையணிந்தவர்; அப்பெண் எதனைக் கொண்டு எதிர்ப்பாள்? அதே 1978-இல், ஒரிஸாவின் முன்னாள் முதலமைச்சர் நந்தினி சத்பதியைப் போலீஸ் நிலையத்துக்கு வரச்சொன்னது தகாது, பெண்களை அவர்கள் வீட்டிலேயே விசாரிக்கவேண்டும் என்று அதே சுப்ரீம் கோர்ட்டு கண்டித்திருந்தது. கூலிப்பெண்ணின் வழக்கில் அவ்விதி நினைவுக்கு வரவில்லை.

1979 செப்டம்பரில் உபேந்திர பக்ஷி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர், லோதிகா சர்க்கார் என்னும் நான்கு சட்ட ஆசிரியர்கள் இந்தியத் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் விடுத்தனர். பணிந்ததெல்லாம் இசைந்ததாகாது என்பதே அதன் சாரம். 1980-இல் பெண்கள் வீதிக்கு வந்தனர். 1983-இல் சட்டம் திருந்தியது. போலீஸ்காவலில் நடக்கும் வன்புணர்வு தனிவகையாயிற்று; அதற்குக் குறைந்தது 10 ஆண்டு, ஏனையவற்றுக்கு 7. காவலில் கூடல் நிகழ்ந்தது மெய்ப்பட்டு, தான் இசையவில்லை என்று பெண் கோர்ட்டில் கூறினால், இசைவில்லை என்றே கொள்ளவேண்டும் என்பது புது விதி. பட்டவளின் பெயரை வெளியிடுவதும் குற்றமாக்கப்பட்டது.

ஆயினும் தனிக்காரணம் காட்டித் தண்டனையைக் குறைக்கலாம் என்று ஒரு சன்னல் திறந்தே இருந்தது. 1989-இல் அரியானாவின் இரு போலீஸ்காரர் வழக்கில் குற்றம் உறுதியாயும், பெண்ணின் நடத்தையைக் காரணங்காட்டிச் சுப்ரீம் கோர்ட்டு 10 ஆண்டை 5 ஆக்கியது. எதிர்ப்புக் கிளம்பவே, நடத்தை என்றது ஒழுக்கத்தையன்று, புகார் செய்யத் தாழ்த்ததையே என்று விளக்கம் தந்தது. குறைத்த 5 ஆண்டை மட்டும் கூட்டவில்லை. செஷன்ஸ் கோர்ட்டிலே வெளிப்படையாய்ப் பேசிய பழைய ஐயம் இங்கே தண்டனைக் கணக்கில் ஒளிந்துகொண்டது என்றே யாம் கருதுகிறோம்.

2012 டிசம்பரில் தில்லியில் நடந்த கொடுமையின் பின், நீதிபதி வர்மா குழுவின் அறிக்கையை அடுத்து, 2013-இல் அச்சன்னல் அடைபட்டது. உடலால் எதிர்க்காமை ஒன்றை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளலாகாது என்று சட்டமே எழுதியது. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்திலும் அவ்வாக்கியம் நிற்கின்றது.

பின்னே வந்த கடுஞ்சட்டம் முன்னே நடந்த செயலுக்குப் பொருந்தாது என்பது இந்திய அரசியலமைப்பின் 20-ஆவது ஷரத்து. ஆதலின் தேசாய்கஞ்ச் பெண்ணின் வழக்கு, 1978 செப்டம்பர் 15-இல் எவ்வாறு விடப்பட்டதோ அவ்வாறே முடிந்தது.