மூல ஓலையும் படி ஓலையும்

திருமழபாடி என்றதும் நம் பக்கத்து ஆட்களுக்கு நந்தி கல்யாணம்தான் நினைவுக்கு வரும். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று சொல்லி, கல்யாண வயதுப் பிள்ளைகளைக் கொள்ளிடக் கரைக்கு அழைத்துப் போகாத குடும்பம் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் குறைவு. அதே கோயிலின் சுவரில் ஓர் ஆபீஸ் சமாச்சாரமும் வெட்டி வைத்திருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புக் கட்டுகளோடு வாழ்ந்தவன் நான். எனக்கு அதில்தான் கண் போகிறது.

விஷயம் இதுதான். முதலாம் ராஜராஜ சோழனின் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1012-13 வாக்கில், திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டச் சொல்லி உத்தரவாகிறது. அந்த உத்தரவிலேயே இன்னொன்றும் இருக்கிறது. பிரிப்பதற்கு முன்னால், சுவரில் உள்ள கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படி எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியே எடுத்தார்கள். பிறகு ராஜராஜன் காலமாகி, மகன் ராஜேந்திரன் பட்டத்துக்கு வந்து, அவனுடைய 14ஆம் ஆட்சியாண்டில், 1026 வாக்கில், அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் புதுச் சுவரில் பழைய கல்வெட்டுகளை மறுபடி வெட்டினார்கள்.

ஏறத்தாழ 13 வருஷம் அந்தப் புத்தகம் யாரோ ஒருவர் பொறுப்பில் பத்திரமாக இருந்திருக்கிறது. ராஜா மாறியிருக்கிறார், அதிகாரிகள் மாறியிருப்பார்கள். கறையானும் மழையும் அன்றும் உண்டு. இருந்தும் தேடியபோது கிடைத்தது, பிரித்தபோது படிக்க முடிந்தது. கோயிலுக்கு யார் எந்த நிலத்தை எழுதி வைத்தார், எந்த விளக்குக்கு எத்தனை ஆடு என்பதெல்லாம் கல்வெட்டில்தான் இருக்கும். கோயிலைப் பொறுத்தவரை அது சொத்துப் பத்திரம். படி இல்லாமல் சுவரைப் பிரித்திருந்தால் கோயில் புதிதாக நின்றிருக்கும், அதன் உரிமைகள் காற்றில் போயிருக்கும்.

சோழர் ஆபீஸ் நடைமுறை அப்படி. அரசன் வாயால் சொன்னதை எழுத ஓர் அதிகாரி, எழுதியதை ஒத்துப் பார்க்க ஓலை நாயகம், அதை வரிப்பொத்தகத்தில் ஏற்றத் தனி ஆட்கள். ஒரே உத்தரவு பல கை மாறிப் பல இடத்தில் பதிவாகும். ஓரிடத்தில் போனால் இன்னோரிடத்தில் இருக்கும்.

மூலம், படி என்ற வித்தியாசத்தை நம்மவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியபுராணக் கதை எல்லோருக்கும் தெரியும். சுந்தரர் கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, நீ எனக்கு அடிமை என்று ஓலை காட்டுகிறார். சுந்தரர் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போனதும் கிழவர், கிழிந்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று எடுத்து நீட்டுகிறார். அவையினர் பாட்டனாரின் பழைய கையெழுத்தை வரவழைத்து ஒத்துப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். கையில் கொண்டுபோவது படி, மூலம் பத்திரமான இடத்தில், சந்தேகம் வந்தால் ஒத்திட்டுப் பார்ப்பது. ஆபீஸ் முறைப்படி ஒரு குறையும் சொல்ல முடியாத சிவபெருமான்!

ஓலைக்கு ஆயுசு குறைவு. நம் வெயிலிலும் ஈரத்திலும் சில தலைமுறைதான் தாங்கும். அதனால் ஒவ்வொரு தலைமுறையும் உட்கார்ந்து எழுதினால்தான் நூல் பிழைக்கும். இதை உ.வே.சாமிநாதையரை விட அறிந்தவர் யார்? அவர் சிறுவனாகத் தமிழ் படித்தது நம் மண்ணில்தான். அரியலூரில் சடகோபையங்காரிடம், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம். பிற்காலத்தில் அவர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தபோது கரிவலம்வந்தநல்லூரில் கேட்ட சேதி எல்லோரும் அறிந்தது. பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். பழையதைக் கண்ட இடத்தில் போடாமல் மரியாதையாக அனுப்பு என்பது சரியான சாஸ்திரம்தான். அதற்கு முன்னால் புதிய ஏட்டில் படி எடு என்பது விட்டுப்போயிற்று. பாதி வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு பாதியை மறந்ததில் எத்தனை நூல் சாம்பலானதோ.

1887இல் ஐயர் சீவக சிந்தாமணியை அச்சேற்ற முடிந்ததற்குக் காரணம், பல ஊர்ப் பிரதிகள் அவர் கைக்கு வந்தது. ஒரு பிரதியில் சிதைந்த இடம் இன்னொன்றில் நன்றாக இருக்கும். எல்லாப் பிரதியும் ஒரே மடத்தில் ஒரே பரணில் இருந்திருந்தால், கறையான் ஒரே மழைக்காலத்தில் எல்லாவற்றையும் முடித்திருக்கும்.

இனி நான் படித்த பள்ளிக்கூடத்தின் தேசத்துக்கு வருகிறேன். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அங்கே பிறப்பு, இறப்பு, கல்யாணம் எழுதும் பதிவேட்டை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் 'எத்தா சிவில்' என்பார்கள். 1776 ஜூனில், பதினாறாம் லூயி காலத்தில், பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. குடியேற்ற நாடுகளில் எழுதும் பதிவேடுகள், நீதிமன்ற, நொத்தாரிஸ் ஆவணங்கள் ஆகியவற்றுக்குக் கூடுதலாக ஒரு படி எடுத்துப் பிரான்சுக்கு அனுப்ப வேண்டும். வெர்சாயில் அதற்கென்றே ஒரு காப்பகம் வைத்தார்கள். ஆக ஒரு பிறப்புக்கு மூன்று பதிவு. ஒன்று உள்ளூரில், ஒன்று நீதிமன்றத்தில், மூன்றாவது கடல் தாண்டி.

இதற்குக் காரணம் பட்ட அடி. வெப்ப நாடுகளின் ஈரமும் பூச்சியும் காகிதத்தைத் தின்றன, சண்டை வந்தால் ஊரே போயிற்று. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துக் கோட்டையையும் ஊரையும் இடித்துத் தள்ளினார்களே, அப்படி ஓர் ஊரில் மூலமும் படியும் ஒரே தெருவில் இருந்து என்ன பயன்? இந்த ஆணையில் எனக்குப் பிடித்த அம்சம், அனுப்புவது யாருடைய ஞாபகத்தையும் நம்பி இல்லை என்பது. ஆண்டு முடிந்தால் பதிவேட்டை மூட வேண்டும், படி கப்பல் ஏற வேண்டும். அந்தப் பழைய காரைக்கால், புதுச்சேரிப் பதிவேடுகளை இன்று எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரக் காப்பகம் இணையத்திலேயே காட்டுகிறது.

அப்படி ஒரு மூன்றாவது படி இல்லாததன் வேதனையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பல வருஷம் முன்பு ஓர் அலுவலகத்தின் பதிவறையில் மழைத் தண்ணீர் இறங்கி, ஒரு பதிவேடு செங்கல் மாதிரி ஒட்டிக்கொண்டது. தகப்பனார் பெயர் ஏறிய ஒரு பக்கத்துக்காக ஒரு பெரியவர் நான்கு தடவை பஸ் ஏறி வந்தார். பக்கம் அதற்குள்தான் இருந்தது, பிரிக்கத்தான் முடியவில்லை. நான்காம் தடவை அவர் எதுவும் கேட்கவில்லை. வாசல் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போய்விட்டார்.

நம் மாவட்டப் பதிவேடுகள் பட்ட பாடும் உங்களுக்குத் தெரியும். 1995இல் பெரம்பலூர் திருச்சியிலிருந்து பிரிந்தது. 2001இல் அரியலூர் தனியானது, 2002இல் திரும்பச் சேர்ந்தது, 2007 நவம்பர் 23 முதல் மறுபடியும் தனி. ஒவ்வொரு தடவையும் கட்டுகள் லாரி ஏறின.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டர், இனிக் கவலை இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசாங்கத் தகவல் மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைப் போட்டு வைக்கும் 'ஜி-டிரைவ்' என்ற பொதுக்கிடங்கு, 858 டெராபைட், அடியோடு போயிற்று. அளவு மிகப் பெரிது என்று வெளியில் பேக்கப் வைக்கவில்லையாம். உலகத்திலேயே இணையத்தில் முன்னணியில் நிற்கும் தேசம் அது. திருமழபாடி ஓலைக்காரர் செய்ததை அங்கே செய்ய ஆள் இல்லை.

நம் வீடுகளிலும் இப்போது அந்தக் கிடங்கின் குட்டிப் பதிப்பு வந்துவிட்டது. 'நாஸ்' என்கிறார்கள். டிபன் கேரியர் அளவில் ஒரு பெட்டி, உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க், வைஃபையோடு சேர்த்துவிட்டால் வீட்டில் உள்ள எல்லோருடைய போட்டோவும் பத்திரமும் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். என் மகன் வாங்கி வைத்தான். அதைப் பழகிக்கொண்டதில் எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன்.

முதலில், இரண்டு டிஸ்க் இருக்கிறதே, ஒன்று போனால் மற்றது என்று கடைக்காரர் சொல்வார். ஒரு டிஸ்க் கெட்டுப்போவதற்கு மட்டும்தான் அது மருந்து. நீங்கள் ஒரு கோப்பைத் தவறி அழித்தால் அது இரண்டிலும் அந்த நொடியே அழியும். வைரஸ் பூட்டினாலும் அப்படித்தான். மூல ஓலையைக் கிழிக்கும்போது படி ஓலையும் கூடவே கிழிகிற ஏற்பாடு அது. அதைப் பேக்கப் என்று சொல்லக்கூடாது.

பேக்கப் என்பது வேறொரு டிஸ்கில், நாள் குறித்து, தானாக நடப்பது. பெட்டியின் அமைப்பில் அட்டவணை என்று ஓர் இடம் உண்டு. தினமும் ராத்திரி 2 மணிக்கு அன்று மாறிய கோப்புகளை மட்டும் வெளி டிஸ்குக்கு எடு, ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் எடு என்று ஒருமுறை எழுதிவிட்டால் போதும். நம் ஊரில் கரண்ட் போகும் நேரம் தெரிந்து மணியை வைக்க வேண்டும், சின்ன யு.பி.எஸ். ஒன்றும் வேண்டும். வேலை தவறினால் போனுக்குச் சேதி வரும்படியும் செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதமாக ஒன்றுமே நடக்காதது தெரியாமல் நிம்மதியாகத் தூங்குவோம்.

எந்தப் படியை எத்தனை நாள் வைப்பது? ஓய்வு பெற்ற நண்பர்களுக்கு ஆர்.டிஸ்., டி.டிஸ்., கே.டிஸ்., எல்.டிஸ். மறந்திருக்காது. நிரந்தரம், பத்தாண்டு, மூன்றாண்டு, ஓராண்டு. இங்கேயும் அதே கணக்குதான். தினசரிப் படி ஒரு வாரம், வாரப் படி ஒரு மாதம், மாதப் படி ஒரு வருஷம் என்று வைத்தால் டிஸ்க் நிரம்பாது. போன மாதம் அழித்ததை இந்த மாதம் கண்டுபிடித்தாலும் மீட்கலாம்.

மூன்றாவது படி வெளியூரில். எனக்கு இரண்டு வெளி டிஸ்க். ஒன்று பெரம்பலூர் வீட்டில் வேலை செய்யும், இன்னொன்று அரியலூரில் தம்பி வீட்டு பீரோவில் தூங்கும். மாதம் ஒருமுறை போகும்போது மாற்றிக்கொள்வேன். கழற்றி வைத்த டிஸ்கை எந்த வைரஸும் தொடாது.

கடைசியாக, திருமழபாடி செய்த வேலை. மாதத்தில் ஒருநாள் பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு கோப்பை எடுத்துத் திறந்து, மூலத்தோடு ஒத்துப் பாருங்கள். எடுத்த படி திரும்ப வந்து சுவரில் ஏறுகிறதா என்று தெரிய வேண்டும் அல்லவா? புத்தகம் படிக்க முடியாமல் போயிருந்தால் 1026இல் அந்தச் சிற்பி வெறும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பான்.

நம் ஊர்க் கோயில் கணக்கு, சங்கத்து உறுப்பினர் பட்டியல், தெரு நூலகத்தின் பழைய மலர்கள் எல்லாம் இன்று யாரோ ஒரு செயலாளரின் ஒற்றை லேப்டாப்பில் இருக்கின்றன. அடுத்த கூட்டத்தில் தீர்மானங்களுக்கு முன்னால் அவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். படி எங்கே இருக்கிறது? கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? அவர் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.