தீயணைப்பு நீர்த்தெளிப்பான்கள் இயங்குவது எப்படி? வால்வு மூடியிருந்தால் பயனில்லை

வணிக வளாகங்கள், மருத்துவமனைகள், உயரமான அலுவலகக் கட்டடங்கள் ஆகியவற்றின் உட்கூரையில் சீரான இடைவெளியில் பொருத்தப்பட்டிருக்கும் சிறு உலோகக் கருவிகளைப் பலரும் பார்த்திருப்பர். ஸ்பிரிங்க்ளர் எனப்படும் இந்தத் தானியங்கி நீர்த்தெளிப்பான்கள், தீயணைப்பு வாகனம் வந்து சேரும் முன்பே தீயை அதன் தொடக்க நிலையில் கட்டுப்படுத்துபவை.

ஓரிடத்தில் தீப்பிடித்தால் கட்டடம் முழுவதும் மழைபோல் நீர் கொட்டும் என்பது திரைப்படங்கள் பரப்பிய தவறான எண்ணம். வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு தெளிப்பானும் தனித்தனியே இயங்கும். தீக்கு நேர் மேலே உள்ளதும் தேவைப்பட்டால் அதையடுத்த சிலவும் மட்டுமே திறக்கும். இவற்றை இயக்குவது வெப்பமே, புகை அன்று. ஊதுவத்திப் புகைக்கோ சமையல் புகைக்கோ இவை திறப்பதில்லை.

தெளிப்பானின் நடுவில் விரல் நுனியளவே உள்ள கண்ணாடிக் குமிழ் ஒன்று இருக்கும். நீர்க்குழாயின் வாயை அடைத்துள்ள மூடியை அழுத்திப் பிடித்திருப்பது அதுதான். குமிழுக்குள் நிறமூட்டிய திரவமும் சிறு காற்றுக்குமிழியும் இருக்கும். வெப்பம் உயரும்போது திரவம் விரிவடைந்து, இடம் போதாமல் கண்ணாடியை உடைக்கிறது. மூடி தெறித்து விழ, பீறிடும் நீர் கீழேயுள்ள பல்சக்கரம் போன்ற தகட்டில் மோதிச் சிதறிப் பரவுகிறது.

குமிழ் எந்த வெப்பநிலையில் உடையும் என்பதை அதன் நிறம் காட்டும். சிவப்பு 68 டிகிரி செல்சியஸிலும், மஞ்சள் 79 டிகிரியிலும், பச்சை 93 டிகிரியிலும் உடையும். பரவலாகப் பயன்படுவது சிவப்பு. அந்த இடத்தின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஏறத்தாழ 30 டிகிரி கூடுதலாக இருக்குமாறு குமிழ் தேர்ந்தெடுக்கப்படுகிறது. எனவே கோடையில் கொதிக்கும் தகரக் கூரைக் கிடங்கிற்கும் உணவக அடுப்படிக்கும் மஞ்சளோ பச்சையோ பொருத்தமானது.

குழாய்களில் எந்நேரமும் அழுத்தத்துடன் நீர் நிறைந்திருக்கும். ஒரு தெளிப்பான் திறந்து அழுத்தம் குறைந்ததும் எச்சரிக்கை வால்வு திறந்து, நீரின் விசையாலேயே மணி ஒலிக்கும். இதற்கு மின்சாரம் தேவையில்லை. அடுத்து முதன்மைப் பம்பு தானாக இயங்கத் தொடங்கும். மின்சாரம் தடைப்பட்டால் டீசல் பம்பு அதன் பணியை ஏற்கும். நீர் உறையும் குளிர்பதனக் கிடங்குகளில் மட்டும் குழாய்களில் நீருக்குப் பதிலாக அழுத்தக் காற்று நிரப்பப்படுகிறது.

பொருள்கள் நனைந்து பாழாகும் என்ற தயக்கம் உரிமையாளர்களிடையே உண்டு. பரவலாகப் பயன்படும் வகைத் தெளிப்பான் ஒன்று, ஒரு பார் அழுத்தத்தில் நிமிடத்திற்குச் சுமார் 80 லிட்டர் நீரைத் தெளிக்கும். தீ வளர்ந்தபின் வந்து சேரும் வீரர்களின் குழாய்கள் பாய்ச்சும் நீரோ இதைப் போலப் பல மடங்கு.

கொல்கத்தாவில் 2011 டிசம்பர் 9 அதிகாலை, தனியார் மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில் தீப்பற்றியது. வாகன நிறுத்தத்திற்கென ஒதுக்கப்பட்ட அந்த இடத்தில் எளிதில் எரியும் பொருள்கள் குவிக்கப்பட்டிருந்தன. குளிர்சாதனக் குழாய்கள் வழியே புகை மேல்தளங்களுக்குப் பரவியது. 90-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மூச்சுத்திணறி இறந்த நோயாளிகள். எழுந்து ஓட இயலாதவர்கள் இருக்கும் கட்டடத்தில், தீ பிறந்த இடத்திலேயே அடங்குவது எவ்வளவு இன்றியமையாதது என்பதை அச்சம்பவம் காட்டியது.

2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி தீப்பாதுகாப்பைப் பற்றியது. தெளிப்பான் அமைப்பின் வடிவமைப்புக்கு ஐ.எஸ். 15105 என்ற இந்தியத் தரநிலை உள்ளது. ஆயினும் தேசிய விதித்தொகுப்பு பரிந்துரையே. மாநில அரசுகளும் உள்ளாட்சி அமைப்புகளும் தத்தம் விதிகளில் சேர்த்துக்கொண்டால்தான் அது கட்டாயமாகும். எனவே ஒரே வகைக் கட்டடத்திற்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுபடுவதுண்டு.

விதிப்படி பொருத்திய அமைப்பும் பராமரிப்பின்றிச் செயலிழக்கும். கசிவைச் சரிசெய்ய மூடிய வால்வைத் திறக்க மறப்பது, நீர்த்தொட்டி வறண்டு கிடப்பது, பம்பைத் தானியங்கி நிலையிலிருந்து மாற்றிவைப்பது ஆகியவை பெரும் ஆபத்துகள். சுவருக்கு வண்ணம் பூசும்போது குமிழின் மீதும் பூசிவிட்டால் அது உரிய வெப்பத்தில் உடையாமல் போகலாம். புதிதாக அமைக்கும் பொய்க்கூரை தெளிப்பானை மறைத்துவிடும். கூரையைத் தொடுமளவு அடுக்கிய அட்டைப்பெட்டிகள் நீர் பரவுவதைத் தடுக்கும். தெளிப்பானுக்குக் கீழே ஏறத்தாழ அரை மீட்டர் இடம் காலியாக இருக்க வேண்டும். அலங்காரத் தோரணம் கட்டும் கொக்கியாகவும் தெளிப்பானைப் பயன்படுத்துகிறார்கள்!

இவற்றில் பலவற்றைக் கண்டறிய நிபுணர் தேவையில்லை. முதன்மை வால்வு திறந்த நிலையில் சங்கிலியிட்டுப் பூட்டப்பட்டிருக்கிறதா, அழுத்தமானியின் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்பதைக் காவலாளியே நாள்தோறும் பார்த்துக் குறித்துவைக்கலாம். குழாய்த் தொடரின் கடைசியில் உள்ள சோதனை வால்வைத் திறந்தால் மணி ஒலித்து, பம்பும் தானாக இயங்க வேண்டும்.