எழுத்து வேடம் பூண்ட படங்கள்

தொடக்கக்கால மின்னஞ்சல் ஆங்கில எழுத்துக்களை மட்டுமே சுமந்தது. தமிழுக்கே இடமில்லை, படத்துக்கு ஏது? 1992ஆம் ஆண்டில் நதானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃபிரீடும் மைம் என்னும் பொதுமுறையை வகுத்தனர். கோப்பின் மூன்று பைட்டுகள் நான்கு எழுத்துக்களாயின. படம் எழுத்து வேடம் பூண்டு பயணஞ் செய்தது. வேடத்துக்குக் கூலியுண்டு: பாரம் மூன்றிலொரு பங்கு கூடிற்று.

பின்னர் கணினிகள் எக்ஸ்எம்எல் மடல்களால் தம்முள் உரையாடியபோதும் அதே இடர்ப்பாடு. வைத்தியசாலையின் ஊடுகதிர்ப் படத்துக்கு இம்மிகைப்பாரம் சிறிதன்று. 2000ஆம் ஆண்டில் கோப்பை மடலுக்குப் புறம்பே இணைக்கும் யோசனை வெளிவந்தது. ஆயின் புறத்தே நின்ற கோப்பை மடலின் கையொப்பம் எளிதிற் காக்கவில்லை. 2005 சனவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு எம்டிஓஎம் முறையை ஏற்றது. அம்முறையில் கோப்பு மடலின் உறுப்பாகவே கொள்ளப்படும். பயணத்தில் மட்டும் தன்னுருவில் தனியே செல்லும். மடலில் அதன் இடத்தைச் சுட்டும் குறிப்பொன்றே நிற்கும்.